நம் கையெழுத்தை வாசிப்பார் யார்?

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் கூடும் ஜனத்திரளைப் பற்றி நமது நேயர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. லட்சக்கணக்கானவர்கள் மலையுச்சியை நோக்கிக் கைகூப்பி நிற்கிறார்கள். அவர்களில் அநேகர் அருணாசலேசுவரர் ஆலயத்தின் பிராகாரங்களை வலம் வந்தவர்களே. ஆயினும், அங்கே சுவர்களில் வரிவரியாகப் பொறிக்கப்பட்டிருக்கும் எழுத்துக்களை நின்று வாசித்தவர் எத்தனை பேர்? வாசிக்க விரும்பினாலும் வாசிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? சோழர், காடவர், ஹொய்சளர், சம்புவராயர், விஜயநகரத்து ராயர் என்று அரசுகள் மாறிமாறி வந்த நீண்ட காலத்தில், இன்னார் இன்ன நிலத்தைத் தர்மமாக விட்டார், இன்ன விளக்குக்கு இன்ன ஏற்பாடு என்று நம் முன்னோர்கள் கல்லில் வெட்டி வைத்தார்கள். ஊரார் எல்லோரும் அறிய வேண்டும், பின்னால் வருகிறவன் மாற்றிப் பேசக் கூடாது என்பதற்காகவே கல்லில் வெட்டினார்கள். இன்று அந்த எழுத்து எல்லோருடைய கண்ணுக்கும் எதிரே இருக்கிறது. அதன் பொருளோ விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கே தெரியும்.

கல்வெட்டு பழைய சமாசாரம், அதை விட்டுவிடுவோம் என்று சிலர் சொல்லலாம். அப்படியானால் காகிதத்துக்கே வருவோம். சில மாதங்களுக்கு முன் செங்கம் பக்கத்திலிருந்து ஒரு வயோதிகக் குடியானவர் நம்மிடம் வந்தார். அவருடைய பாட்டனார் காலத்துப் பாகப் பத்திரம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார். கிராமக் கணக்கப்பிள்ளையின் கையெழுத்து, மை மங்கவில்லை, காகிதமும் கிழியவில்லை. பங்கைக் குறிக்கும் இடத்தில் இருந்த ஒரு சிறு அடையாளத்தை நாம் ஒரு விதமாகப் படித்தோம். நமது குமாஸ்தா வேறொரு விதமாகப் படித்தார். சட்டக் கல்லூரியிலிருந்து புதிதாக வந்த இளைஞரோ அது மைத்துளி என்றார். ‘மா’ என்றால் இருபதில் ஒரு பங்கு. ‘காணி’ என்றால் எண்பதில் ஒரு பங்கு. ஒன்று மற்றொன்றைவிட நாலு மடங்கு. ஒரு குடும்பத்தின் ஜீவனம் அந்தச் சிறு கோட்டில் அடங்கியிருந்தது. கடைசியில், 1980-ம் வருஷத்தில் கர்ணம் பதவி எடுபட்டபோது வேலையை இழந்த முதியவர் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். அவர் மூக்குக் கண்ணாடியைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் ஒரு பார்வையில், “மா” என்று சொல்லிவிட்டார். அவருக்கு இப்போது வயது எண்பத்து நான்கு. அவருக்குப் பின்னால் யாரிடம் போவது?

இந்தக் கேள்விதான் இன்றைய கட்டுரைக்குக் காரணம். எழுத்தை எழுதுவது ஒரு கலை. பிறர் எழுதியதை வாசிப்பது மற்றொரு கலை. இரண்டாவது கலை நம்மிடையே வெகு வேகமாக அழிந்து வருகிறது. அதே சமயத்தில் உலகத்தின் வேறு பகுதிகளில் அதே கலையை யந்திரங்களுக்குக் கற்பித்து வருகிறார்கள். இவ்விரண்டு விஷயங்களையும் சேர்த்து யோசிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

சீனரும் ஜப்பானியரும் செய்தது

எழுத்துக்களின் எண்ணிக்கையைப் பார்த்தால், உலகத்தில் மிகவும் கஷ்டமான எழுத்து சீன எழுத்தே. நமக்குள்ளவை 247 என்று கணக்குச் சொல்லுகிறோம். சீன தேசத்தில் கணிப்பொறிகளுக்காக 1980-ல் வகுக்கப்பட்ட அதிகாரபூர்வமான பட்டியலில் மட்டும் 6,763 எழுத்துக்கள் இருக்கின்றன. ஜப்பானியர் தமது முதல் வரிசைப் பட்டியலில் வைத்திருக்கும் சீன எழுத்துக்கள் 2,965. அவற்றோடு அவர்களுடைய சொந்த அசை எழுத்துக்களும் சேர்கின்றன. ஒரே எழுத்தில் இருபது முப்பது கோடுகள் வருவதும் உண்டு. ஒரு கோடு கூடினாலும் குறைந்தாலும் பொருளே மாறிவிடும். ஆளுக்கு ஆள் கையெழுத்து வேறு. அவசரமாக எழுதும்போது கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இப்படிப்பட்ட எழுத்தை யந்திரம் வாசிக்கும் என்று அறுபது வருஷங்களுக்கு முன் சொல்லியிருந்தால் பலர் சிரித்திருப்பார்கள்.

ஆனால் அவர்கள் சளைக்கவில்லை. 1966-ல் அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியைச் சேர்ந்த கேஸி, நாகி என்ற இருவர், அச்சிட்ட சீன எழுத்துக்களில் ஆயிரத்தை யந்திரத்தைக் கொண்டு பிரித்தறியலாம் என்று காட்டினார்கள். ஜப்பான் தேசத்தில் 1968-ம் வருஷம் ஜூலை மாதம் 1-ந் தேதி தபால் எண் முறை அமலுக்கு வந்தது. கடித உறையில் கட்டங்களுக்குள் ஜனங்கள் கையால் எழுதிய இலக்கங்களைப் படித்துக் கடிதங்களைப் பிரிக்கும் யந்திரத்தை அவர்களே செய்தார்கள். இலக்கம் பத்து, அதிலிருந்து எழுத்துக்குப் போனார்கள். ஜப்பானிய சர்க்காரின் மின்தொழில்நுட்ப ஆராய்ச்சி சாலை, ஜனங்களின் கையெழுத்தை மாதிரிகளாகச் சேகரித்தது. அந்தச் சேகரத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,036 எழுத்துக்கள்; ஒவ்வோர் எழுத்துக்கும் 200 மாதிரிகள்; ஆக ஆறு லட்சத்துக்கு மேல்.

சீனர்கள் இன்னும் பெரிதாகச் செய்தார்கள். சீன விஞ்ஞானக் கழகத்தின் தானியங்கி ஆராய்ச்சி நிலையம் 1,020 பேரைக் கொண்டு எழுதச் செய்து, தனித்தனி எழுத்துக்களாகச் சுமார் 39 லட்சம் மாதிரிகளைத் திரட்டி 2011-ல் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டது. 2013-ல் நடந்த ஒரு சர்வதேசப் போட்டியில், எழுதி முடித்த சீனக் கையெழுத்தின் படத்தைப் பார்த்து நூற்றுக்குச் சுமார் 95 எழுத்துக்களை யந்திரம் சரியாகச் சொல்லிற்று. அதே எழுத்துக்களை மனிதர்களிடம் காட்டியபோது அவர்கள் சரியாகச் சொன்னது சுமார் 96. இரண்டே வருஷங்களில் யந்திரம் அந்த எல்லையையும் தாண்டிவிட்டது.

இந்த வெற்றிக்கு யந்திரத்தின் சாமர்த்தியம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஒரு தேசம் தன் கையெழுத்தைத் தானே சேர்த்துப் பொது உபயோகத்துக்குக் கொடுத்ததுதான். இதை நமது நேயர்கள் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

யந்திரம் எப்படிப் படிக்கிறது?

யந்திரத்துக்குக் கண் இல்லை, அறிவும் இல்லை. கையெழுத்தை அது இரண்டு வகையில் பெறுகிறது. ஒன்று, கண்ணாடிப் பலகையின்மேல் விரலாலோ கோலாலோ எழுதும்போதே, கை எங்கே தொடங்கி எப்படி வளைந்து எங்கே முடிந்தது என்பதைத் தெரிந்துகொள்வது. மற்றொன்று, எழுதி முடித்த தாளைப் படம் எடுத்து அதைப் பார்ப்பது. முதலாவது சுலபம். சீனக் குழந்தைக்கு எந்தக் கோட்டை முதலில் போடுவது, எதை அடுத்துப் போடுவது என்று வரிசை கற்பிக்கப்படுகிறது. அந்த வரிசையே யந்திரத்துக்கு ஒரு வழிகாட்டி. இரண்டாவது கடினம், ஏனெனில் கை போன வழி மறைந்துவிட்டது, மை மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

இந்தப் படத்தை யந்திரம் சிறு சிறு புள்ளிகளாகப் பிரிக்கிறது. மை உள்ள இடம், இல்லாத இடம் என்று வகுக்கிறது; வரிகளைப் பிரிக்கிறது; வரியை எழுத்துக்களாகப் பிரிக்கிறது. பிறகு ஒவ்வோர் எழுத்தையும் இன்னதென்று ஊகிக்கிறது. ஊகிக்கக் கற்கும் விதம் நமது பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தை நினைவூட்டுகிறது. பையன் மணலில் எழுதுவான். சட்டாம்பிள்ளை தவறு என்பான். பையன் அழித்துவிட்டு மறுபடியும் எழுதுவான். யந்திரத்துக்கு முன்னால் ஓர் எழுத்தின் படத்தை வைத்து, ‘இது என்ன?’ என்று கேட்கிறார்கள். அது தவறாகச் சொன்னால், உள்ளே இருக்கும் லட்சக்கணக்கான எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்துகிறார்கள். பத்தாயிரம், லட்சம், பத்து லட்சம் தடவை இப்படி நடந்தபின் தவறு குறைகிறது. ஆகவே மாதிரி எவ்வளவோ அவ்வளவே யந்திரத்தின் கல்வி. யாருடைய கையெழுத்தை அது பார்த்ததோ அவர்களுடைய கையெழுத்தைத்தான் நன்றாகப் படிக்கும். பட்டணத்துப் பட்டதாரிகளின் எழுத்தை மட்டும் பார்த்த யந்திரம், தண்டராம்பட்டுக் குடியானவரின் எழுத்தைக் கண்டு திகைத்து நிற்கும்.

தமிழ் எங்கே நிற்கிறது?

இந்த விஷயத்தில் தமிழர்கள் தூங்கிவிட்டார்கள் என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. தாம்பரத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் புள்ளியியல் ஆசிரியராயிருந்த பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி தமது சகாக்களுடன் சேர்ந்து, அச்சிட்ட தமிழ் எழுத்துக்களைக் கணிப்பொறி வாசிக்கும் முறையை 1978-ல் வெளியிட்டார். 1983-ல் பிராமி எழுத்துக்கும் அவ்விதமே செய்தார். கையால் எழுதிய தமிழ் எழுத்தைப் பற்றிய ஆராய்ச்சி 1980-லேயே வெளிவந்தது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர் ஏ. ஜி. ராமகிருஷ்ணன் நீண்ட காலமாக இதே துறையில் உழைத்து, அச்சிட்ட தமிழ்ப் புத்தகங்களை வாசிக்கும் யந்திர முறையை உருவாக்கியிருக்கிறார். கண்பார்வை இல்லாதவர்களுக்குப் புத்தகங்களை எட்டச் செய்வது அம்முறையின் முக்கிய பயன்களில் ஒன்று. இவர்கள் காலத்துக்கு முன்னே யோசித்தவர்கள். தமிழ் நாடு இவர்களுக்கு நன்றி செலுத்தக் கடமைப்பட்டது.

ஆனால் கையெழுத்து மாதிரிகளைச் சேகரித்தது யார் என்று பாருங்கள். கையால் எழுதிய தமிழ் எழுத்துக்களில் ஆராய்ச்சியாளர்கள் பெரிதும் உபயோகித்து வந்த சேகரம், அமெரிக்கக் கம்பெனியான ஹ்யூலெட்-பாக்கர்டு பெங்களூரில் நடத்திய ஆராய்ச்சி சாலையில் உண்டாயிற்று. பெங்களூரிலும் சேலத்திலும் பள்ளிப் பிள்ளைகள், பட்டதாரிகள், பெரியவர்கள் ஆகியோரைக் கொண்டு எழுதச் செய்தார்கள். 2006-ல் அதைக் கொண்டு ஒரு சர்வதேசப் போட்டியும் நடந்தது. உயிர்க்குறிகளைத் தனித் துண்டுகளாகப் பிரித்துக்கொண்டால் தமிழுக்கு 156 உருவங்கள் போதும் என்று வகுத்தார்கள். உருவம் ஒன்றுக்குச் சுமார் 500 மாதிரிகள். ஆக எழுபத்தெட்டாயிரம் அளவில் வருகிறது. சீனருடைய 39 லட்சத்துக்கு முன்னால் இது எம்மாத்திரம்? அந்தக் கம்பெனி செய்த உதவியை நாம் குறைத்துப் பேசவில்லை. அது கதவைத் திறந்தே வைத்தது. ஆனால் கோடிக்கணக்கான ஜனங்கள் பேசும் ஒரு பாஷையின் கையெழுத்தைச் சேகரிக்க வெளி தேசத்து வியாபார ஸ்தாபனம் ஒன்று முன்வரும்வரை நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று கேட்பது நியாயமே.

இன்று கைக்குள் அடங்கும் டெலிபோனில் தமிழை விரலால் எழுதினால் அது அச்செழுத்தாக மாறுகிறது. ‘ன’வும் ‘ண’வும், ‘மு’வும் ‘ழு’வும் சில சமயம் தடுமாறும், ஆனாலும் வேலை நடக்கிறது. ஆகையால் காரியம் முடிந்துவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். முடியவில்லை. இன்றைய பையன் இன்று எழுதுவதை யந்திரம் படிக்கும். அவனுடைய பாட்டன் எழுதியதையும், பாட்டனுக்குப் பாட்டன் ஏட்டில் கீறியதையும் அது படிக்காது.

ஏடும் கல்லும்

பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் தனித்தனிக் கொம்பு கிடையாது; கொம்பைச் சுழித்து நெடிலைக் காட்டும் வழக்கம் 18-ம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தம் என்பது பிரசித்தம். ‘ர’ என்ற எழுத்துக்கும் நெடிலைக் காட்டும் காலுக்கும் உருவ வேறுபாடு இராது. சொற்களுக்கு நடுவே இடைவெளியும் இல்லை. ஆகவே ஏட்டில் ‘மெல’ என்று இருந்தால் அது ‘மெல’வாகவும் இருக்கலாம், ‘மேல்’ ஆகவும் இருக்கலாம், ‘மெல்’ ஆகவும் இருக்கலாம், முன்னும் பின்னும் உள்ள எழுத்தோடு சேர்ந்து வேறு சொல்லாகவும் ஆகலாம். இதை உருவம் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. இலக்கணம் தெரிய வேண்டும். யாப்புத் தெரிய வேண்டும். பொருள் தெரிய வேண்டும். மகாமகோபாத்தியாய சாமிநாதையர் ஊர் ஊராய் அலைந்து ஏடு தேடி, 1887-ல் சீவக சிந்தாமணியையும், 1889-ல் பத்துப்பாட்டையும், 1892-ல் சிலப்பதிகாரத்தையும், 1894-ல் புறநானூற்றையும் அச்சேற்றியபோது அவர் செய்த வேலை இதுவே. கண் எழுத்தைப் பார்த்தது. தமிழ் அறிவு அதை வாசித்தது.

இலக்கங்களின் விஷயம் இன்னும் விநோதமானது. பழைய வழக்கில் ‘அ’ என்பது எட்டு. ‘வ’ என்பது கால். எட்டேகாலை ‘அவ’ என்று எழுதுவார்கள். ஔவையார் பெயரால் வழங்கும் பரிகாசப் பாட்டு ஒன்று இதை வைத்தே பிறந்தது. கணக்கேட்டில் ‘அ’ என்று கண்டால் அது எழுத்தா இலக்கமா என்பதை அந்த ஏடு நெல்லைப் பற்றியதா, நெல்லையப்பரைப் பற்றியதா என்று பார்த்தே சொல்ல முடியும். மா, காணி, முந்திரி முதலிய பின்னங்களின் அடையாளங்களுக்கு உலகக் கணிப்பொறிகளின் பொது எழுத்துப் பட்டியலில் இடமே இல்லாமலிருந்தது. 2019-ம் வருஷத்தில்தான் பின்னங்களும் பழைய கணக்குக் குறிகளுமாக 51 தமிழ் அடையாளங்கள் சேர்க்கப்பட்டன. நமது குடியானவரின் பத்திரத்திலிருந்த அந்த ‘மா’வுக்கு அதற்கு முன் யந்திர உலகத்தில் பெயரே கிடையாது!

கல்லுக்கு வருவோம். இதே ஜில்லாவில் செங்கத்தைச் சுற்றிலும் உள்ள நடுகற்களைத் தமிழ்நாட்டுத் தொல்பொருள் ஆய்வுத் துறையார் தேடிப் படித்து, டாக்டர் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972-ல் ஒரு நூலாக வெளியிட்டார்கள். அவற்றுள் எடுத்தனூரில் உள்ள கல் ஒன்று மகேந்திர பல்லவன் காலத்தது, வட்டெழுத்தில் வெட்டியது. தலைவன் மாண்டபின்பும் கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற ஒரு நாயை அந்தக் கல் குறிப்பிடுகிறது. நாயின் பெயர் கோவிவன். ஆயிரத்து நானூறு வருஷங்களுக்கு முன் செத்த ஒரு நாயின் பெயர் இன்று நமக்குத் தெரிகிறது. எதனால்? வட்டெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர் அந்த வெயிலில் கல்லின் முன்னால் குந்தியிருந்ததால். அவர் வந்திராவிட்டால் அது மாடு உராயும் ஒரு கல். இன்னும் எத்தனை கற்களின்மேல் மாடு உராய்ந்துகொண்டிருக்கிறதோ!

திருவண்ணாமலைக் கோவிலின் கல்வெட்டுக்களைப் புதுவையிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தார் ஆலயத்தைப் பற்றிய பெரிய ஆராய்ச்சியின் பகுதியாக 1990-ஐ ஒட்டித் தொகுதிகளாக வெளியிட்டார்கள். அதே நிலையம் காத்து வரும் சைவ ஏடுகள் 2005-ல் ஐக்கிய நாடுகளின் கல்விக் கழகத்தாரால் உலக நினைவுச் சின்னங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டன. பிரெஞ்சுக்காரர் புதுவையை விட்டுப் போயும், நம் ஏட்டை அவர்கள் விடவில்லை. இதற்காக அவர்களை வாழ்த்துகிறோம். நம்மை எண்ணி வெட்கப்படுகிறோம்.

ஜப்பான் தரும் பாடம்

நமது நிலைமைக்கு நேரான உதாரணம் ஜப்பானில் இருக்கிறது. 1900-ம் வருஷத்தில் அந்தத் தேசத்து ஆரம்பப் பள்ளிகளில் அசை எழுத்துக்களின் உருவத்தை ஒழுங்கு செய்தார்கள். அதுவரை ஆயிரம் வருஷமாக வழங்கிய ‘குஸுஷிஜி’ என்ற ஓட்ட எழுத்து பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறிற்று. மூன்று தலைமுறையில், தன் பாட்டனுடைய கடிதத்தைப் படிக்கக்கூடிய ஜப்பானியர் வெகு சொற்பமாகிவிட்டார்கள். கதை, காவியம், வைத்தியம், பூகம்பக் குறிப்பு, கிராமக் கணக்கு எல்லாம் மூடிய பெட்டியாகிவிட்டன.

அவர்கள் என்ன செய்தார்கள்? படிக்கத் தெரிந்த புலவர்களை உட்கார வைத்துப் பழைய புத்தகங்களில் உள்ள எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கட்டம் கட்டி, ‘இது இன்ன எழுத்து’ என்று குறித்தார்கள். நாலாயிரத்துக்கு மேற்பட்ட உருவங்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துக்கள். அவற்றை உலகத்துக்கே திறந்துவிட்டு, 2019-ல் ஒரு போட்டி வைத்தார்கள். பல தேசத்து இளைஞர்கள் போட்டியிட்டார்கள். 2021-ல், டெலிபோனால் படம் பிடித்தவுடன் பழைய எழுத்தை இன்றைய எழுத்தாக மாற்றிக் காட்டும் ‘மிவோ’ என்ற சாதனத்தை இனாமாக ஜனங்களுக்குக் கொடுத்தார்கள். அதை முன்னின்று செய்தவர் தாய்லாந்திலிருந்து சென்று ஜப்பானிய இலக்கியம் பயின்ற டாரின் கிளானுவத் என்ற பெண்மணி. தவறில்லாத சாதனம் என்று அவர்கள் சொல்லவில்லை. ஆனால் பூட்டிய பெட்டிக்கு ஒரு சாவி கிடைத்துவிட்டது. முதலில் புலவர், பிறகு யந்திரம், பிறகு ஜனங்கள் என்ற இந்த வரிசை முக்கியமானது. படிக்கத் தெரிந்த புலவர் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் ஆரம்பித்தார்கள்.

நமக்கும் இன்னும் சில வருஷங்கள்தான் இருக்கின்றன. ஏடு படிக்கத் தெரிந்தவர்கள் சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நிலையத்திலும், தஞ்சை சரஸ்வதி மகாலிலும், தமிழ்ப் பல்கலைக் கழகத்திலும், சில மடங்களிலும், சில வீட்டுத் திண்ணைகளிலும் இருக்கிறார்கள். அவர்கள் போன பிறகு யந்திரத்துக்குக் கற்பிக்க ஆசிரியர் கிடைக்கமாட்டார். ஆசிரியர் இல்லாத பள்ளியில் எவ்வளவு விலையுயர்ந்த பலகை வைத்தும் என்ன பயன்?

துபாஷிகள் மீண்டும் வேண்டாம்

இங்கே ஓர் அபாயத்தையும் சொல்ல வேண்டும். கும்பினியார் காலத்தில் துபாஷி என்று ஒருவன் இருந்தான். வெள்ளைக்காரனுக்குத் தமிழ் தெரியாது; குடிகளுக்கு இங்கிலீஷ் தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவே நின்று, அவன் சொன்னதே நியாயம், அவன் வைத்ததே சட்டம் என்று ஆயிற்று. நம் பத்திரத்தை நாம் படிக்க முடியாமல், எந்தத் தேசத்திலோ உள்ள வியாபாரியின் யந்திரம் படித்துச் சொல்லுவதை அப்படியே ஒப்புக்கொள்ளும் நிலை வந்தால், துபாஷி திரும்பி வந்துவிட்டான் என்றே அர்த்தம்.

நியாய ஸ்தலங்களில் இந்த அபாயம் அதிகம். முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட பத்திரம் உரிய இடத்திலிருந்து வந்தால், அதன் கையெழுத்தை உண்மையென்று அனுமானிக்கக் கோர்ட்டுக்கு 1872-ம் வருஷத்துச் சாட்சிய ஆக்ட் இடங்கொடுத்தது. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டமும் அதையே தொடர்கிறது. கையெழுத்தைக் கோர்ட்டே ஒப்பிட்டுப் பார்க்கவும் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் எழுதியவர் கை உண்மை என்று அனுமானிப்பது வேறு. எழுதியது இன்னது என்று வாசிப்பது வேறு. யந்திரம் ‘காணி’ என்று சொல்லிவிட்டதாலேயே ‘மா’ காணியாகிவிடாது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சரி என்பது சீனப் போட்டியில் பெருமை. ஒரு குடியானவனின் பங்கில் தவறும் அந்த ஐந்து, அவனுக்கு முழு நாசம். யந்திரம் குமாஸ்தாவாக இருக்கட்டும், நீதிபதியாக வேண்டாம். மூலத்தின் படமும், யந்திரத்தின் வாசிப்பும், மனிதரின் திருத்தமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது

இந்திய சர்க்கார் 2003-ல் சுவடிகளுக்கென ஒரு தேசிய இயக்கத்தை ஆரம்பித்தார்கள். 2025-ம் வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில், ஒரு கோடிக்கு மேற்பட்ட சுவடிகளைக் கணக்கெடுத்துக் காப்பதற்கென ‘ஞான பாரதம்’ என்ற ஏற்பாட்டை அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆனால் டில்லியில் ஏற்பாடு செய்தால் திருவண்ணாமலையில் காரியம் நடந்துவிடும் என்று நாம் சும்மா இருக்கக் கூடாது. படம் எடுத்து வைப்பதோடு வேலை தீராது. படித்து எழுதினால்தான் அது பயன்படும்.

ஊர்தோறும் தேசத் தொண்டர்கள் செய்யக்கூடிய நாலு காரியங்களை நாம் சொல்லுகிறோம். முதலாவது, வீட்டில் உள்ள ஏடு, பத்திரம், கணக்குப் புத்தகம், கடிதம் எதையும் பழைய காகிதக் கடைக்குப் போடாமல் படம் எடுத்து, ஊர் நூல் நிலையத்தில் ஒரு பிரதி வைக்க வேண்டும். ஆடிப் பெருக்கில் ஏட்டை ஆற்றில் விட்ட மடமையைப் பற்றி நாம் பேசுகிறோம். நம் காலத்து ஆறு எடைக்குப் போடும் கடை. இரண்டாவது, பள்ளிக்கூடங்களிலும் கல்லூரிகளிலும் மாணவர்கள் மனமொப்பித் தரும் கையெழுத்து மாதிரிகளைச் சேகரிக்க வேண்டும். உழவர், வியாபாரி, பெண்கள், முதியோர் எல்லோருடைய கையும் அதில் இருக்க வேண்டும். நூறு பேர் ஆளுக்கு 156 உருவங்களைப் பத்துத் தடவை எழுதினால் ஒரு லட்சத்து ஐம்பத்தாறாயிரம் மாதிரி ஆகிவிடுகிறது. இது ஒரு பள்ளிக்கூடம் ஒரு வாரத்தில் செய்யக்கூடிய வேலை. மூன்றாவது, ஜில்லாவுக்குப் பத்து இளைஞர்களாவது வட்டெழுத்தும், கிரந்தமும், ஏட்டெழுத்தும், பழைய கணக்குக் குறிகளும் கற்க வேண்டும்; ஓய்வு பெற்ற கர்ணங்களையும் ஏடு படிக்கும் பெரியவர்களையும் தேடிப் பிடித்து, அவர்கள் வாசிப்பதை எழுதிக்கொள்ள வேண்டும். நாலாவது, பொதுப் பணத்தைக் கொண்டு சேகரிக்கும் மாதிரியும் வாசிப்பும் பொதுச் சொத்தாக இருக்க வேண்டும்; ஓர் அலுவலகத்தின் அலமாரியிலோ ஒரு கம்பெனியின் களஞ்சியத்திலோ அது பூட்டிக் கிடக்கக் கூடாது. இதற்கெனச் சட்டசபையில் நமது பிரதிநிதிகள் கேள்வி கேட்க வேண்டும்.

இந்த ஊரிலேயே நடந்த ஒரு சம்பவத்தை நினைவுபடுத்தி முடிக்கிறோம். 1902-ம் வருஷத்தில் மலைமேல் மௌனமாய் இருந்த இளந்துறவி ஒருவரிடம் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற சர்க்கார் உத்தியோகஸ்தர் சென்று சில கேள்விகள் கேட்டார். ரமண மகரிஷிகள் மணலிலும் பலகையிலும் விடை எழுதிக் காட்டினார்கள். மணலில் எழுதியது காற்றோடு போகும். பலகையில் எழுதியது அடுத்த கேள்விக்கு அழிக்கப்படும். ஆனால் கேட்டவர் அதை எழுதி வைத்துக்கொண்டார். அவ்வாறு எழுதி வைத்ததே பின்னால் ‘நானார்?’ என்ற நூலாக உலகமெங்கும் சென்றது. அன்று அவர் சற்றே அசட்டையாய் இருந்திருந்தால் அந்த விடைகள் அன்று மாலைக்குள் மறைந்திருக்கும்.

நமது முன்னோர் எழுதியவை ஓலையிலும் காகிதத்திலும் கல்லிலும் இருக்கின்றன. ஓலையைப் பூச்சி தின்கிறது. காகிதம் மடிப்பில் அறுந்துபோகிறது. கல்லை வெயிலும் மழையும், திருப்பணி என்ற பெயரால் நாமும் தேய்த்துவருகிறோம். மணலைவிட அவை சற்று மெதுவாக அழிகின்றன; அவ்வளவுதான் வித்தியாசம். எழுதி வைத்துக்கொள்ள வேண்டியவர்கள் நாம். நம் குடியானவரின் பத்திரத்தைப் படித்த அந்த எண்பத்து நான்கு வயது முதியவர், வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் நமது காரியாலயத்துக்கு வந்து பழைய கணக்குக் குறிகளைக் கற்றுக்கொடுக்க இசைந்திருக்கிறார். மைத்துளி என்று சொன்ன இளைஞர்தாம் முதல் மாணாக்கர். மற்ற இடங்கள் காலியாக இருக்கின்றன.